விசாவுக்குக் கொஞ்ச வருமானம் போதும், வாழ்க்கைக்கு? ஐரோப்பாவில் ரிட்டயர் ஆகும் கனவுக்கு ஒரு சி.ஏ.வின் கணக்கு



"மாசம் 870 யூரோ வருமானம் காட்டினா போதும், போர்ச்சுகலில் போய் செட்டில் ஆகிடலாம்." இந்த மாதிரி ரீல்ஸ் உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். பின்னாடி கடல், மஞ்சள் நிற டிராம், கையில் காபி. 28 வயசுல, ஆபீஸ் கேப்ல டிராஃபிக்கில் மாட்டிக்கிட்டு இதைப் பார்த்தா, யாருக்குத்தான் ஆசை வராது?

ஆசைப்படுறதுல தப்பே இல்ல. அந்த 870 யூரோ தகவலும் 2025 கணக்குப்படி உண்மைதான். ஆனா அது வீட்டு வாசல்ல இருக்கிற காலிங் பெல் மாதிரி. பெல் அடிக்கக் காசு கம்மி, உள்ளே குடித்தனம் நடத்துறதுக்கு ஆகிறது வேற கணக்கு. இன்னைக்கு அந்த உள்ளே இருக்கிற கணக்கைத்தான் பார்க்கப் போறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். இந்தியாவில் சம்பாதிச்ச ரூபாயை மட்டும் வெச்சு 60 வயசுல ஐரோப்பாவுக்குக் குடிபோறது, நம்மில் பெரும்பாலானவங்களுக்கு ரொம்ப விலை கூடின வழி. அதே கனவுக்கு இன்னும் இரண்டு வழி இருக்கு. அதைப் பத்தி யாரும் ரீல்ஸ் போடுறதில்ல.

முதல்ல விசா: என்ன கேக்குறாங்க?

போர்ச்சுகலின் டி7 விசா, வேலை பார்க்காம வருமானம் வர்றவங்களுக்கானது. பென்ஷன், வாடகை, வட்டி, டிவிடெண்ட் மாதிரியான வருமானம் இருக்கணும். எவ்வளவு? அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அளவுக்கு. 2025-ல் அது 870 யூரோ. கணவன் அல்லது மனைவியைக் கூட்டிட்டுப் போனா கூடுதலா 50%, ஒவ்வொரு பிள்ளைக்கும் 30%. ஆக 2025 கணக்குப்படி ஒரு தம்பதிக்கு மாசம் 1,305 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டா, 1.3 லட்சம்.

இதோட, 12 மாசத்துக்கான தொகையை, அதாவது 15,660 யூரோவை, அங்கே ஒரு வங்கிக் கணக்கில் காட்டச் சொல்வாங்க. அந்தக் கணக்கு திறக்க போர்ச்சுகல் வரி எண் வேணும். தங்குறதுக்கு வாடகை ஒப்பந்தம், காவல்துறைச் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு எல்லாம் வேணும். எல்லாம் சரியா இருந்தா முதல்ல நாலு மாச விசா, அங்கே போனதும் இரண்டு வருஷ வசிப்பு அட்டை, அப்புறம் மூணு வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம்.

மத்த நாடுகள் இன்னும் கறார். ஸ்பெயினில் வேலை செய்யாம வசிக்கும் விசாவுக்கு ஒருத்தருக்கு மாசம் 2,400 யூரோ, துணைக்கு இன்னொரு 600. கிரீஸில் 3,500 யூரோ. இத்தாலியில் ஒருத்தருக்கு வருஷம் சுமார் 31,000 யூரோ. இதனாலதான் எல்லா வீடியோவும் போர்ச்சுகலையே சுத்தி வருது. இருக்கிறதுல நுழைவுக் கட்டணம் அங்கேதான் கம்மி.

இங்க நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. நாம பெரும்பாலும் மியூச்சுவல் ஃபண்டில் சேர்த்து, கடைசியில் எஸ்.டபிள்யூ.பி. போட்டு மாசாமாசம் எடுக்கலாம்னு திட்டம் போடுறோம். கணக்குப் பாடத்துல அது வருமானம் கிடையாது. உங்க முதலையும் லாபத்தையும் சேர்த்து எடுக்கிறீங்க. விசா அதிகாரி முன்னாடி வாடகை ஒப்பந்தமும் பென்ஷன் சான்றும் பேசுற அளவுக்கு எஸ்.டபிள்யூ.பி. ஸ்டேட்மென்ட் பேசாது. நம்ம தலைமுறையில் தனியார் கம்பெனியில் இருக்கிற எத்தனை பேருக்கு நல்ல பென்ஷன் வரப்போகுது? யோசிச்சுப் பாருங்க.

மாசச் செலவு: நிஜ பட்ஜெட்

870 யூரோங்கிறது 2025-ல் போர்ச்சுகலின் குறைந்தபட்சச் சம்பளம்னு சொன்னேன் இல்லையா? அந்தச் சம்பளத்துல லிஸ்பன் நகருக்குள்ள ஒரு பெட்ரூம் வீடு வாடகைக்கு எடுக்க அந்த ஊர்க்காரங்களே திண்டாடுறாங்க. அதனால லிஸ்பனை விட்டுடுவோம். பிராகா, கோயிம்ப்ரா மாதிரி நடுத்தர ஊர்ல, 60 வயசு தம்பதி, ஆடம்பரம் இல்லாம, அதே நேரம் பயந்து பயந்து செலவு பண்ணாம வாழ, நான் போடுற பட்ஜெட் இது:

வீட்டு வாடகை: 900 யூரோ
மளிகை, காய்கறி: 400
மின்சாரம், கேஸ், தண்ணீர், இன்டர்நெட்: 170
மருத்துவக் காப்பீடு, மருந்து: 200
போக்குவரத்து: 80
துணிமணி, வெளியே சாப்பாடு, இதர செலவு: 150
வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேர் இந்தியா வந்து போக, மாசக் கணக்கில்: 200

மொத்தம் 2,100 யூரோ. ரூபாயில் மாசம் 2.1 லட்சம், வருஷம் 25.2 லட்சம். விசாவுக்குக் காட்டின 1,305 யூரோவுக்கும் இதுக்கும் மாசம் 795 யூரோ வித்தியாசம். அதாவது நீங்க பார்த்த ரீல்ஸ், நிஜ செலவில் மூணில் ஒரு பங்குக்கு மேல விட்டுட்டுப் பேசியிருக்கு.

சில விஷயங்கள் பட்ஜெட் தாள்ல தெரியாது. போர்ச்சுகலில் பல பழைய வீடுகளில் முழு வீட்டுக்குமான ஹீட்டிங் வசதி கிடையாது. வெயில் நாடுன்னு நினைச்சுப் போறவங்க, ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஹீட்டர் போட்டா கரண்ட் பில் எகிறும். வாடகைக்கு வீடு தேடினா, உள்ளூர்ல ஒரு ஜாமீன்தாரர் இருக்காரான்னு வீட்டுக்காரர் கேக்கலாம். புதுசா வந்த வெளிநாட்டு தம்பதிக்கு யார் ஜாமீன் போடுவாங்க? பல மாச வாடகையை முன்னாடியே கொடுத்துத்தான் சமாளிக்கணும். லிஸ்பனில் மார்ட்டிம் மோனிஸ் பகுதியில் தெற்காசிய மளிகைக் கடைகள் இருக்கு. செலவு கம்மின்னு உள்ளூர்ப் பக்கம் போகப் போக, புளியும் உளுத்தம்பருப்பும் தேடி அலையணும்.

சரி, எவ்வளவு கார்பஸ் வேணும்?

மேல சொன்ன 25.2 லட்சம் வரி கட்டின பிறகு கையில் இருக்க வேண்டிய பணம். வரிக்கு உத்தேசமா 15% வெச்சா, வருஷம் சுமார் 30 லட்சம் எடுக்கணும். வருஷத்துக்கு 3.5% மட்டும் எடுத்தா பணம் 30 வருஷம் தாங்கும்னு வெச்சுக்குவோம். அப்போ இன்னைய மதிப்பில் வேண்டிய கார்பஸ் சுமார் 8.6 கோடி.

ஆனா நீங்க இன்னைக்கு ரிட்டயர் ஆகப் போறதில்ல. உங்களுக்கு 30 வயசுன்னா இன்னும் 30 வருஷம் இருக்கு. இங்கதான் இரண்டு விஷயம் சேர்ந்து வேலை செய்யும். ஒண்ணு, ஐரோப்பாவில் விலைவாசி உயர்வு. ஐரோப்பிய மத்திய வங்கியின் இலக்கு 2%. இன்னொண்ணு, யூரோவுக்கு எதிரா ரூபாய் இறங்குறது. 2005-ல் ஒரு யூரோ சுமார் 55 ரூபாய். 2025-ல் 100. வருஷத்துக்குச் சராசரியா 3%. இரண்டையும் சேர்த்தா, உங்க ஐரோப்பியச் செலவு ரூபாய்க் கணக்கில் வருஷம் 5% ஏறுது.

5% வீதம் 30 வருஷம்னா 4.3 மடங்கு. 8.6 கோடி, கிட்டத்தட்ட 37 கோடி ஆகுது.

12% ரிட்டர்ன் வரும்னு எடுத்துக்கிட்டா (உத்தரவாதம் கிடையாது, கால்குலேட்டரில் எல்லாரும் போடுற எண், அவ்வளவுதான்), 37 கோடிக்கு மாசம் ரூ.1.05 லட்சம் எஸ்.ஐ.பி. போடணும். வருஷாவருஷம் 10% ஏத்திக்கிட்டே போறதா இருந்தா, ரூ.42,000-ல ஆரம்பிக்கலாம். கையில் 80,000 ரூபாய் சம்பளம் வாங்குறவருக்கு அது பாதிச் சம்பளத்துக்கு மேல.

இப்போ ஒப்பிட்டுப் பார்ப்போம். அதே தம்பதி கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ, வாடகையும் ஹெல்த் இன்சூரன்ஸும் சேர்த்து மாசம் 75,000 ரூபாயில் நல்லாவே வாழலாம். வருஷம் 9 லட்சம். இன்னைய மதிப்பில் கார்பஸ் 2.6 கோடி. நம்ம ஊர் விலைவாசி 6% வீதம் ஏறினா, 30 வருஷத்துல சுமார் 15 கோடி. அதுக்கு 10% ஏத்துற எஸ்.ஐ.பி.யை ரூ.17,000-ல ஆரம்பிச்சா போதும்.

17,000-க்கும் 42,000-க்கும் இடையில் இருக்கிற அந்த 25,000 ரூபாய்தான் கடல், டிராம், காபியோட விலை. அதுவும் ஒரு தடவை இல்ல. வருஷாவருஷம் ஏறிக்கிட்டே, 30 வருஷம், மாசாமாசம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. 3% ங்கிறது சராசரி. ரூபாய் அப்படி ஒழுங்கா மெதுவா இறங்காது. 2013-ல் மே மாசம் 70 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ, ஆகஸ்ட் கடைசியில் 90-ஐத் தாண்டுச்சு. அப்புறம் இறங்குச்சு, அது வேற விஷயம். நீங்க பிராகாவில் உக்காந்துக்கிட்டு ரூபாயில் வருமானம் வாங்குற ஆளா இருந்தா, அந்த நாலு மாசத்துல உங்க வருமானத்துல கால்வாசியை ஒட்டி காணாமப் போயிருக்கும். வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்க மாட்டார்.

வரி: பலர் மறக்கிற பக்கம்

இது என் ஏரியா, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

வருஷத்துல 183 நாளுக்கு மேல போர்ச்சுகலில் இருந்தா, நீங்க அங்கே வரி கட்டும் வசிப்பாளர். உலகத்தில் எங்கிருந்து வருமானம் வந்தாலும் அங்கே கணக்குக் காட்டணும். அங்கே வருமான வரி படிப்படியா ஏறி 48% வரை போகும். இந்தியாவோட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கு. அதனால ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டியதில்ல. ஆனா இரண்டு நாட்டிலும் ரிட்டர்ன் போடுற வேலையும் ஆடிட்டர் ஃபீஸும் உண்டு. எங்களுக்குச் சந்தோஷம்தான், உங்களுக்கு?

இந்தியப் பக்கம் என்ன ஆகும்னு பாருங்க. நீங்க இப்போ என்.ஆர்.ஐ.

ஒண்ணு: 12 லட்சம் வரை வரி இல்லைன்னு கொண்டாடினோமே, அந்த 87ஏ தள்ளுபடி இந்தியாவில் வசிக்கிறவங்களுக்கு மட்டும்தான். 12 லட்சம் வட்டி வருமானம் இருக்கிற ரெசிடென்டுக்குப் புதிய முறையில் வரி பூஜ்யம். அதே வருமானம் இருக்கிற என்.ஆர்.ஐ.க்கு செஸ் சேர்த்து ரூ.62,400.

இரண்டு: உங்க சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும். அதில் வர்ற வட்டிக்கு 30% டி.டி.எஸ்., மேல செஸ். அதிகமாப் பிடிச்சதை ரிட்டர்ன் போட்டுத்தான் திருப்பி வாங்கணும்.

மூணு: சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டம் என்.ஆர்.ஐ.க்குக் கிடையாது. பி.பி.எஃப். இருந்தா முதிர்வு வரை ஓட்டலாம், நீட்டிக்க முடியாது. ரிட்டயர் ஆனவங்களுக்குன்னே அரசு கொடுக்கிற பாதுகாப்பான திட்டங்களை, ரிட்டயர் ஆகிற அன்னைக்கே கைவிட்டுட்டுப் போறீங்க.

நாலு: ஊர்ல இருக்கிற வீட்டை வாடகைக்கு விட்டா, உங்க வாடகைதாரர் டி.டி.எஸ். பிடிச்சுக் கட்டணும். அந்தத் தலைவலி தெரிஞ்சா, "வேற வீடு பாத்துக்கிறேன் சார்"னு சொல்றவங்கதான் அதிகம்.

ஒரு சின்ன டிப்ஸும் சொல்லிடுறேன். விசாவுக்காக அந்த 15,660 யூரோவை அனுப்பும்போது, ஒரு நிதியாண்டில் ஒருத்தர் 10 லட்சத்துக்கு மேல அனுப்பினா, மேல போற தொகைக்கு 20% டி.சி.எஸ். பிடிப்பாங்க. ஒரே ஆள் அனுப்பினா சுமார் 1.13 லட்சம் மாட்டும். கணவனும் மனைவியும் அவங்கவங்க பேர்ல பாதிப்பாதி அனுப்பினா பூஜ்யம். டி.சி.எஸ். செலவு கிடையாது, ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா அதுவரை பணம் முடங்கும்.

விதி மாறும், உங்களுக்கு 30 வருஷம் இருக்கு

என்னை இந்த விஷயத்துல ரொம்ப யோசிக்க வைக்கிறது செலவை விட இதுதான்.

2009-ல் போர்ச்சுகல் வெளிநாட்டிலிருந்து வர்றவங்களுக்கு ஒரு வரிச்சலுகைத் திட்டம் கொண்டுவந்துச்சு. வெளிநாட்டுப் பென்ஷனுக்குப் பெரும்பாலும் வரியே இல்லாம இருந்துச்சு. அதனாலதான் ஐரோப்பா முழுக்க இருந்து ஓய்வு பெற்றவங்க அங்கே குவிஞ்சாங்க. 2020-ல் புதுசா வர்றவங்களுக்கு 10% வரி போட்டாங்க. 2024-ல் திட்டத்தையே புதியவர்களுக்கு மூடிட்டாங்க. பதினஞ்சு வருஷத்துல கதை முடிஞ்சது.

வீடு வாங்கினா வசிப்பு உரிமைங்கிற கோல்டன் விசாவில், வீட்டுப் பகுதியைப் போர்ச்சுகல் 2023 அக்டோபரில் நீக்குச்சு. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் அந்த விசாவையே நிறுத்திடுச்சு. கிரீஸ் 2,000 யூரோவா இருந்த வருமான வரம்பை 3,500 ஆக்குச்சு. போர்ச்சுகலில் 5 வருஷம் வசிச்சா குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்ங்கிற விதியை, நம்மைப் போன்ற நாட்டவர்களுக்கு 10 வருஷமா ஆக்க 2025 அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் வாக்களிச்சது. அது கடைசியில் எந்த வடிவத்துல முடிஞ்சாலும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுது இல்லையா?

அந்த நாட்டு மக்கள் மேல குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பணம் வந்து வாடகை ஏறினா, ஓட்டுப் போடுறவங்க கோபப்படுவாங்க. அரசு விதியை மாத்தும். நம்ம ஊர்லயும் அதைத்தான் கேட்போம். நான் சொல்றது இவ்வளவுதான்: இப்போ இருக்கிற ஒரு விசாவை நம்பி, 30 வருஷம் கழிச்சு நடக்கப் போற வாழ்க்கைக்கு இன்னைக்கே பணத்தைக் கட்டாதீங்க. "இப்பவே ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுங்க சார், பின்னாடி உதவும்"னு ஏஜென்ட் சொன்னா, மரியாதையா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

காகிதத்தில் வராத செலவு

போர்ச்சுகலின் அரசு மருத்துவச் சேவையில் சட்டப்படி வசிக்கிறவங்க பதிவு பண்ணிக்கலாம். கட்டணமும் மிகக் குறைவு. ஆனா அங்கே சுமார் 15 லட்சம் பேருக்குக் குடும்ப டாக்டர் ஒதுக்கப்படாம இருக்கு. மொத்த மக்கள்தொகையே ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கக் காத்திருக்கணும். தனியார் காப்பீடு எடுக்கலாம். ஆனா வயசு ஏற ஏறப் புதுசா பாலிசி கொடுக்கத் தயங்குவாங்க, பிரீமியமும் ஏறும்.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அங்கே போயிட்டோமேன்னு இங்கே இருக்கிற ஹெல்த் பாலிசியை நிறுத்திடுவீங்க. 74 வயசுல திரும்பி வர வேண்டிய நிலை வந்தா, இந்தியாவில் அந்த வயசுல, சுகர், பிபியோட, புதுசா பாலிசி கிடைக்கிறது குதிரைக்கொம்பு. திரும்பி வர்ற கதவை நீங்களே பூட்டிட்டுப் போன மாதிரி. போறவங்க அந்தப் பிரீமியத்தையும் பட்ஜெட்ல சேர்த்துக்கணும்.

வசிப்பு அட்டைக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கு. அட்டை செல்லும் காலத்துக்குள்ள தொடர்ந்து ஆறு மாசம், அல்லது விட்டுவிட்டு மொத்தம் எட்டு மாசத்துக்கு மேல, தகுந்த காரணம் இல்லாம நாட்டை விட்டு வெளியே இருக்கக் கூடாது. அக்காவுக்கு முடியல, பேத்திக்குப் பிரசவம்னு ஊருக்கு வந்தா, மனசு இங்கேயும் கண்ணு காலண்டர் மேலேயும் இருக்கும். நிரந்தர வசிப்புக்குப் போர்ச்சுகீசிய மொழித் தேர்வு வேற. 65 வயசுல வினைச்சொல் வாய்பாடு மனப்பாடம் பண்ணணும்.

கடைசியா, யாரும் பேச விரும்பாத ஒண்ணு. தம்பதியா போறீங்க. ஒரு நாள் ஒருத்தர் மட்டும் மிஞ்சுவார். அவருக்கு அந்த ஊர் மொழி தெரியுமா? வங்கிக் கணக்கைத் தனியா கையாளத் தெரியுமா? பக்கத்து வீட்டில் கதவைத் தட்ட ஆள் இருக்கா? இந்தக் கேள்வியை வீட்ல இரண்டு பேரும் உக்காந்து பேசாம, 37 கோடி சேர்த்தாலும் திட்டம் முழுமையாகாது.

அப்போ கனவை விட்டுடணுமா? மூணு வழி இருக்கு

முதல் வழி, இதுவரை பார்த்தது. ரூபாய் கார்பஸோட 60 வயசுல குடிபோறது. பிள்ளைகள் ஏற்கெனவே ஐரோப்பாவில் இருக்கிறவங்களுக்கும், பெரிய சொத்தும் நல்ல வாடகை வருமானமும் இருக்கிறவங்களுக்கும் இது சரியா வரும். மத்தவங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, உங்க வயசுக்காரங்களுக்கு மட்டும் இருக்கிற வழி. ஐரோப்பாவில் ரிட்டயர் ஆகணும்னு நிஜமாவே ஆசைன்னா, ஐரோப்பாவில் வேலை பாருங்க. ஜெர்மனியை எடுத்துக்கோங்க. அங்கே அரசுப் பென்ஷனுக்குச் சம்பளத்தில் 18.6% போகுது, பாதி நீங்க, பாதி கம்பெனி. குறைந்தது 5 வருஷம் கட்டியிருந்தாலே, ஓய்வு வயசில் கட்டின அளவுக்கு யூரோவில் பென்ஷன் உண்டு. நீங்க இந்தியாவுக்குத் திரும்பி வந்தாலும் அந்தப் பென்ஷன் வந்து சேரும். 5 வருஷம் சட்டப்படி தொடர்ந்து வசிச்சா, மத்த நிபந்தனைகளையும் பூர்த்தி செஞ்சு, ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வசிப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வருமானமும் யூரோ, செலவும் யூரோ; ரூபாய் இறங்குற பயம் போச்சு. மொழியும் நண்பர்களும் 35 வயசுலயே கிடைச்சிடுவாங்க. 60-ல கோடி கோடியா கொடுத்து வாங்க வேண்டியதை, 30-ல உழைப்பைக் கொடுத்து வாங்குறீங்க. மாசம் 25,000 ரூபாய் கூடுதல் எஸ்.ஐ.பி.க்குப் பதிலா, ஒரு ஜெர்மன் வகுப்பில் சேருறது உங்க கனவுக்கு நல்ல முதலீடா இருக்கலாம்.

மூணாவது வழி, எனக்குப் பிடிச்ச வழி. குடிபோகாதீங்க, போய் இருந்துட்டு வாங்க. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு ஒரு வசதியும் இருக்கு: மூணு வருஷத்துக்குள்ள இரண்டு விசா வாங்கி ஒழுங்கா பயன்படுத்தியிருந்தா, இரண்டு வருஷ மல்டிபிள் என்ட்ரி விசாவும், அடுத்து ஐந்து வருஷ விசாவும் கிடைக்க வாய்ப்பு உண்டு. இதுவும் மாறலாம்தான். மாறினா உங்க நஷ்டம் ஒரு டிரிப், வாழ்க்கைச் சேமிப்பு கிடையாது.

கணக்கைப் பாருங்க. இரண்டு பேர், ஒரே ஊரில் மாச வாடகைக்கு வீடு எடுத்து, சமைச்சுச் சாப்பிட்டு, 80 நாள். வாடகையும் சாப்பாடும் சேர்த்து சுமார் 6,000 யூரோ, விமானம் 2,400, விசாவும் பயணக் காப்பீடும் பிறவும் 600. மொத்தம் 9,000 யூரோ, அதாவது 9 லட்சம் ரூபாய். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, 60 முதல் 72 வயசு வரை ஆறு முறை போனா, இன்னைய மதிப்பில் 54 லட்சம்.

நிரந்தரமா குடிபோக, நம்ம ஊர் கார்பஸுக்கு மேல கூடுதலா வேண்டியது சுமார் 6 கோடி. இது 54 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்ல.

நீங்க இந்திய ரெசிடென்டாவே இருப்பீங்க. 87ஏ இருக்கும், சீனியர் சிட்டிசன் திட்டம் இருக்கும், ஹெல்த் பாலிசி இருக்கும், வீட்டுச் சாவி உங்ககிட்டயே இருக்கும். ஒரு முறை போர்ச்சுகல், அடுத்த முறை இத்தாலி, அப்புறம் கிரீஸ். முழங்கால் ஒத்துழைக்கிற வரைக்கும் போங்க. ஒத்துழைக்கலைன்னா அந்தப் பணம் பேரப்பிள்ளை படிப்புக்கு ஆகும்.

இந்த மாசம் என்ன பண்ணலாம்?

முதல்ல, உங்க ஊர் ரிட்டயர்மென்ட்டுக்கான எஸ்.ஐ.பி. சரியா போகுதான்னு பாருங்க. அந்த 17,000-க்கே இன்னும் வழி பண்ணாதவங்க, யூரோ கணக்கை யோசிக்கவே வேண்டாம்.

அது சரியா இருந்தா, "ஐரோப்பா"ன்னு பேர் வெச்சு தனியா ஒரு எஸ்.ஐ.பி. ஆரம்பிங்க. 54 லட்சம், 5% வீதம் 30 வருஷத்துல 2.3 கோடி ஆகும். அதே 12% கணக்கில், வருஷம் 10% ஏத்தினா, மாசம் 2,700 ரூபாயில் ஆரம்பிச்சா போதும். வாரக் கடைசியில் ஒரு வெளிச்சாப்பாட்டு பில்.

மூணாவதா, போகணும்னு ஆசைப்படுற ஊருக்கு ஒரு தடவை ஜனவரி மாசம் போய்ப் பாருங்க. ஜூன்ல எல்லா ஊரும் அழகாத்தான் இருக்கும். ஜனவரியில், மழையில், டவுன் பஸ்ஸில் போய் மளிகை வாங்கிட்டு வந்து சமைச்சுச் சாப்பிட்ட பிறகும் அங்கேயே இருக்கணும்னு தோணினா, இரண்டாவது வழிக்கு உடனே அப்ளிகேஷன் போடுங்க. தோணலைன்னா, உங்களுக்குப் பல கோடி மிச்சம்.